பி விங்கில் நிறம் வராத தண்ணீர்

தமிழ் அதிகம் காதில் விழாத எங்கள் ஊரில், பாணேர் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ரேவதி என்ற பெண் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை லேபுக்குப் போன் செய்தாள். அங்கே இரண்டு கட்டடங்களில் ஒன்றான பி விங்கில் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. சிலருக்கு மஞ்சள் காமாலை. ரேவதி ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்குத் தமிழ் தெரியும் என்றதும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அக்கா, டேங்கர் தண்ணிதான் காரணம்னு அந்த டேங்கர்காரர் மேல போலீஸ் கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறாங்க. அதே தண்ணிதான் ஏ விங்குக்கும் போகுது. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

நல்ல கேள்வி. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினேன்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்ப்பது சின்ன வேலைதான். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, டி.பி.டி. மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறினால் கிருமியைக் கொல்லக் குளோரின் மிச்சமிருக்கிறது. நிறமே வராவிட்டால், வழியில் ஏதோ அதைத் தின்றுவிட்டது.

டேங்கர் தண்ணீர் இறங்கும் தரையடித் தொட்டியில் இளஞ்சிவப்பு. ஏ விங் குழாயிலும் அதே. ரேவதியின் சமையலறைக் குழாய்த் தண்ணீரில் நிறமே வரவில்லை. மேல்வீட்டிலும் அப்படியே.

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி தேஷ்பாண்டே கூடவே வந்துகொண்டிருந்தார். பேச்சு இந்தியில்.

"பி விங் சப்ளையை மூடிடுங்க சார்."

"லேப் ரிப்போர்ட் வரட்டும் மேடம். எல்லாரும் ஆபீஸ் கிளம்பற நேரம். என்னைப் பிச்சுடுவாங்க."

"ரிப்போர்ட் வர வரைக்கும் இதையேதான் குடிப்பாங்க. யாராவது கேட்டா என்னைக் கைகாட்டுங்க. லிஃப்ட் வாசல்லதான் நிப்பேன்."

மூடினார். சொன்னபடி நானும் நின்று, இறங்கி வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினேன். சோப்பு நுரையோடு இறங்கி வந்த ஒருவர் என் மேல் புகார் சொல்ல லேப் முதலாளியின் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.

பிறகு பிளம்பர் சந்தோஷுடன் பி விங் மொட்டை மாடிக்கு ஏறினோம். அங்கே இரண்டு டேங்க். ஒன்று குடிதண்ணீர். மற்றது கழிப்பறைக்கு மட்டும், போர்வெல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே வால்வு வைத்த ஒரு பைப்.

"இது எதுக்கு?"

"வெயில் காலத்துல குடிதண்ணி பத்தலைன்னா போர் தண்ணியைத் திருப்பிவிட. இப்ப மூடித்தான் இருக்கு மேடம்."

"அப்போ குடிதண்ணி டேங்கைக் காலி பண்ணிட்டுப் பார்ப்போம்."

உள்ளே வரும் குழாயை அடைத்துவிட்டு முழுவதையும் வெளியேற்றினோம். இதற்குள் திட்டியவர்களில் பாதிப் பேர் மாடிக்கு வந்துவிட்டார்கள். காலி டேங்கில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. ஆனால் அந்த நடு பைப்பிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வால்வு மூடியிருந்தது, உள்ளே தேய்ந்துபோயிருந்தது. குப்பியில் பிடித்து மாத்திரை போட்டேன். நிறம் வரவில்லை. கீழே போய்ப் பார்த்தால், போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே கழிவுநீர்ச் சேம்பர் விரிசல் விட்டு, உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

தேஷ்பாண்டே போர்வெல் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார். பிறகு எல்லார் முன்னாலும் டேங்கர்காரருக்குப் போன் போட்டார்.

"தப்பு உங்க மேல இல்லை. எங்க மொட்டை மாடியிலதான். மன்னிச்சுடுங்க."

நடு பைப்பை அறுத்து இரு முனையையும் அடைத்தோம். டேங்கைக் கழுவி, குழாய்களையும் குளோரின் போட்டு அலசினோம். மறுநாள் ரேவதியின் சமையலறையில் மாத்திரை போட்டேன். குப்பி மெல்லச் சிவந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளியின் நம்பர் கேட்டவர்தான் முதலில் தட்டினார். முதலாளிக்குப் போன் செய்து என்னைப் பாராட்டியதும் அவரேதான்.

ரேவதிக்குக் காமாலை வரவில்லை. நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிறம் வராவிட்டால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். ஜனங்கள் திட்டுவார்கள். திட்டுகிற தெம்போடு இருக்கிறார்களே என்று சந்தோஷப்படுங்கள்.