எனக்கு இல்லாத மூச்சுத்திணறல்

கடலுக்கடியில் மீன் பார்த்துவிட்டு வந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் யாராவது பேச்செடுத்தால் நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெட்கம்.

மலைமேல் குண்டூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு சிற்றூரில் நான் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் மலைக்குக் கீழே. என் கல்லூரி நண்பர்கள் மூவர் கோடை விடுமுறையில் தாய்லாந்து போய் ஸ்கூபா டைவிங் செய்வதென்று முடிவெடுத்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை. நாலு பேர் முன்னால் மானம் போகக்கூடாதே என்று முகக்கண்ணாடியும், வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாயும் வரவழைத்தேன். பொட்டலம் மலையேறாமல் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியோடு நின்றுவிட்டது. அதை வாங்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

ஒரு காலையில் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை முக்கிக் குழாயால் மூச்சுவிட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே போய், இருமிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே அக்கா. பதறிப்போய் என்னவென்று கேட்டார்.

மீன் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பகலெல்லாம் மரவள்ளிக் காட்டில் குனிந்து நிற்கிறவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மனசு நோகக்கூடாது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் மரியாதையைத்தான். எனக்கு மூச்சுத்திணறல், டாக்டர் இப்படிப் பழகச் சொல்லியிருக்கிறார் என்று கூசாமல் சொன்னேன்.

மறுநாளிலிருந்து மிளகுக் கஷாயம் வர ஆரம்பித்தது. சொந்தத் தோட்டத்து மிளகு, சுக்கு, துளசி. கடைசிச் சொட்டையும் நான் குடிக்கும்வரை அக்கா வாசலில் நிற்பார். ஒருநாள் டைவிங் கம்பெனி உடல்நலப் படிவம் அனுப்பியிருந்தது. ஆஸ்துமா, மூச்சுத்திணறல் ஏதும் உண்டா என்று கேள்வி. இடது கையில் கஷாய டம்ளர். வலது கையால் ‘இல்லை’ என்று குறித்தேன். அப்போது சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கிளம்ப ஐந்து நாள் இருந்தது. அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஊக்கால் குதிகாலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு நாளாகவே அவர் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். உங்களுக்கு மூச்சு சரியாகி, கோயலுக்கு வந்து தேங்கா ஒடைக்கிற வரைக்கும் செருப்புப் போடறதில்லைன்னு அம்மங்கிட்ட வேண்டிக்கிட்டனுங்க. இங்க உங்களுக்குன்னு யாருங்க இருக்கறாங்க?”

குணமாகிவிட்டது அக்கா என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊக்கின் நுனியில் ரத்தம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாய்லாந்து, கடல், மீன், தொட்டி, பொய் என்று ஒன்றையும் விடவில்லை.

அக்கா ஊக்கைச் சேலையில் துடைத்து வளையலில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

“அப்ப நோவே இல்லீங்களா?” என்றார். இல்லை என்றேன்.

“இல்லாம இருக்கறது நல்லதுதானுங்க. ஆனா சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதானுங்களே. நாளைக்கு வந்து தேங்காய ஒடச்சுப் போட்டுருங்க.”

மறுநாள் தேங்காயோடு அவர் பின்னால் நடந்தேன். வராத நோய் தீர்ந்ததற்கு நன்றி சொல்ல ஊரில் நாலைந்து பேர் பார்க்கக் கோயில் முன் நின்றேன். என்ன வேண்டுதல் என்று பூசாரி என்னைக் கேட்டார். அக்கா முந்திக்கொண்டார்.

“சாருக்கு மூச்சுத் திணறலுங்க. இப்ப நல்லாப் போச்சுங்க.”

அம்மன் சன்னதியில், எனக்காக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னார். சொந்தக் காரியத்துக்குக்கூட அங்கே பொய் சொல்லாதவர்.

வெளியே வந்ததும் மஞ்சள் பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். முள் ஏறிய இடம் கறுத்திருந்தது. இரண்டெட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

“பாத்துப் போயிட்டு வாங்க சார். தண்ணிக்குள்ள மூச்சு முட்டுச்சுன்னா வெளிய வந்துருங்க.”

சரிங்க அக்கா என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.