பம்பரம் டீச்சரின் வயலின்

எங்கள் பள்ளியில் அவருக்குப் பம்பரம் டீச்சர் என்று பெயர். நாற்காலிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அன்று தனக்கு உயிரான வயலின் இசையை ஆறாம் வகுப்பில் ஒலிக்கவிட்டு, "கேட்டதும் மனசுல என்ன தோணுதோ, அத கதையா எழுதுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்த்தபடி, இசை முடியும்வரை பெஞ்சுகளுக்கு நடுவே டக் டக்கென்று நடந்துகொண்டே இருந்தார்.

தாள்களைப் படித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கதையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் அப்பா நடக்கிறார். இன்னொன்றில் கூண்டுக்குள் புலி நடக்கிறது. எல்லாக் கதையிலும் யாரோ நிற்காமல் நடக்கிறார்கள்.

"ஏன், வயலின் ஒருத்தர் காதுலயும் விழலையா?"

"விழுந்துச்சு டீச்சர்," என்றாள் முன்பெஞ்சுக்காரி. "உங்க செருப்புக்குப் பின்னாடியே ஓடிச்சு, கொஞ்சம் நில்லுங்கன்னு கெஞ்சிக்கிட்டே."