குப்பியில் ஏரித் தண்ணீர்

கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது என் ஆராய்ச்சி பாதியில் இருந்தது. ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தை மக்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், அதனால் ஏரிக்கும் அதன் ஓரத்து ஈர நிலத்துக்கும் என்ன ஆகிறது என்பதுதான் தலைப்பு. தியாகதுருகம் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஏரியை எடுத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் போய்த் தண்ணீர் எடுப்பேன், கோரைப்புல் எதுவரை பரவியிருக்கிறது என்று அளப்பேன், பறவைகளைக் குறித்துக்கொள்வேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "அந்த ஏரியில இன்னாதான் இருக்குது?" என்று கேட்பாரே தவிர, ஒருநாளும் தடுத்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம். சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடமும் மூடிவிட்டார்கள். இந்த மாத அளவு விட்டுப்போகிறதே என்று நான் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அவரே சைக்கிளைத் துடைத்து நிறுத்தினார்.

"ஏறு, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

மரம் கிடந்த இடங்களில் இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தூக்கி அப்பால் வைத்தோம். வெட்டுப்பட்ட மரங்களைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் லாரிச் சத்தமில்லாத அந்தச் சாலையில் நாங்கள் பேசிக்கொண்டே போனோம். கூட்டுக் குடும்பத்தில் அவ்வளவு நேரம் தனியாகப் பேசக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர். கல்வராயன் மலையில் பெய்த மழை ஓடையில் வந்து சேர்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முழங்கால் தண்ணீரில் நின்று டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். முக்குளிப்பான் பறவை ஒன்று மூழ்கும்போதெல்லாம் அது எங்கே எழும் என்று கைகாட்டுவார். ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. நான் சிரித்ததில் அளவு தப்பி, மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

திரும்பும்போது ஒரு மரத்தடுப்பில் ஐந்தாறு இளைஞர்கள் எங்களை நிறுத்தினார்கள். ஒருவன் என் பையைத் திறந்து பழுப்புக் கண்ணாடிக் குப்பியை வெளியே எடுத்தான்.

"இன்னாங்க இது, ஆசிட்டா?"

"ஏரித் தண்ணிப்பா," என்றார் என் கணவர்.

"ஏரித் தண்ணிய எதுக்குத் தூக்கிக்கினு போறீங்க?"

பதில் சொல்வதற்குப் பதிலாக இவர் பைக்குள் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். பையில் இருந்த குப்பிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றில், தண்ணீர் கெடாமலிருக்க, நான் கரையிலேயே ரசாயனம் கலந்துவிட்டிருந்தேன். "ஐயோ, வேணாங்க!" என்று கத்தினேன். அதைக் கேட்டதும் அந்தப் பையன்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அதற்குள் இவர் அண்ணாந்து மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டார். அந்தப் பக்கமாகச் சாய்ந்து, குப்பியில் நான் ஒட்டியிருந்த சீட்டின் எழுத்தைப் பார்த்தேன். நல்லவேளை, கலக்காத குப்பி.

"கொஞ்சம் சேத்து வாடை அடிக்குது," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரத்தின்மேல் உட்காரச் சொல்லிப் பொரி கொடுத்தார்கள். பையிலிருந்து குப்பியை எடுத்தவன் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கும் வீட்டுப் பிள்ளை. "பன்னெண்டாவது முடிச்சிட்டு வருசக்கணக்கா சும்மா இருக்கேன் வாத்தியாரே. ரோட்ல குந்தாம இன்னா பண்றது?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஏரியப் பத்திப் படிக்கிறேன்றீங்களே, ஒண்ணு சொல்லுங்க. வூடு இல்லாதவங்களுக்கு ஏரி உள்பக்கமா மனை குடுக்கப் போறாங்களாம். எங்களுக்கும் சேத்து. மழ பெஞ்சா அங்க தண்ணி வருமா?"

அதுவரை என் ஆராய்ச்சியைப் பற்றி வழிகாட்டிப் பேராசிரியரைத் தவிர யாரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. "வரும். வா, காட்டறேன்," என்றேன். எப்படியும் இவர் குடித்துவிட்ட குப்பிக்கு வேறு தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. அவனும் எங்களுடன் ஏரிக்கு வந்தான்.

உள்பக்கத்துக் கருவேல மரங்களில், போன பெருமழையின்போது மிதந்து வந்த பாசி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் போய் ஒரு மரத்தோடு ஒட்டி நின்றான். அவன் நெஞ்சு உயரம்.

"அப்போ ஜன்னல் வரைக்கும் வந்துருமே," என்றான்.

"நாலஞ்சு வருஷம் வராம இருக்கலாம். ஒரு வருஷம் வந்தாப் போதும்."

"வேற எங்க கேக்கறது?"

கரைக்கு வடக்கே கல்லும் சரளையுமாக ஒரு கல்லாங்குத்து மேடு, அரசுப் புறம்போக்கு. நடந்து போய்ப் பார்த்தோம். அங்கே நின்றால் ஏரி முழுக்கத் தெரிந்தது. வாரக்கணக்கில் யோசித்தும் பிடிபடாத என் கடைசி அத்தியாயம் அந்த மேட்டில் நின்றபோது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது. வீடு கேட்பவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

போராட்டம் ஓய்ந்த பிறகு அந்த இளைஞர்கள் தாலுகா ஆபீசுக்கு மனு எடுத்துப் போனார்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டி நான் வரைந்த படத்தையும் கூடவே வைத்தேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அலைந்தார்கள், நானும் இரண்டொரு தடவை போய் உட்கார்ந்து விளக்கினேன். நான் பட்டம் வாங்கி, மகளும் பிறந்த பிறகுதான் மேட்டில் மனை அளந்து கொடுத்தார்கள்.

குப்பியை எடுத்த அந்தப் பிள்ளை ஓர் அறையும் சமையற்கட்டும் கட்டிப் பால் காய்ச்சினான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் மனைவி சேமியாப் பாயசம் ஊற்றினாள், நான் இரண்டாந்தடவையும் கேட்டு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை.