சிநேகா அணைத்த கற்பூரம்

வகுப்புப் பிரதிநிதியாக வேண்டும் என்று சிநேகா கனவிலும் நினைத்ததில்லை. இராமநாதபுரத்தில் அவள் படிக்கும் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது. வாய் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அரியர் இருந்தது. அரியர் இல்லாத சிநேகாவுக்கு வாய் இல்லை. வகுப்பே கூடி அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. வகுப்புக்கு ஒருவராகத் தேர்வானவர்கள் கூடித்தான் மாணவர் தலைவருக்கு ஓட்டுப் போட வேண்டும். நின்றவர்கள் ராம்குமாரும் கோகிலாவும். கடைசி வகுப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி முதல்வரிடம் பேசுவேன் என்றாள் கோகிலா. ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸைத் தினமும் கோட்டைவிடும் சிநேகாவுக்கு அது போதும்.

ராம்குமார் லேசுப்பட்டவன் இல்லை. தேர்தலன்று காலையிலேயே பிரதிநிதிகளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு கற்பூரம் ஏற்றினான்.

"பெத்தவுக தலையில சத்தியம் பண்ணி அணைங்க. எனக்குத்தான் ஓட்டுன்னு சொல்லணும்."

முன்னால் நின்றவர்கள் அணைத்தார்கள். சிநேகாவின் முறை வந்ததும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். "எங்கய்யா மேல சத்தியம், ஒனக்குத்தான்" என்று சொல்லி, கையால் அடித்து அணைத்தாள்.

ஓட்டுச்சீட்டோடு மறைப்புக்குள் போனபோது அய்யாவின் முகம் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் பாழும் கை கோகிலா பெயருக்கு நேரேதான் போனது.

ஒரே ஓட்டில் கோகிலா ஜெயித்தாள். அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று சிநேகாவுக்குப் பட்டது. அவள் அய்யா கூத்தையா கூலிக்கு மருந்தடிக்கப் போயிருப்பார். போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள், எடுக்கவில்லை. வரப்பில் பாம்பு கிடக்குமே, மோட்டார் ஒயர் அறுந்து கிடக்குமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெற்றவரை நானே கொன்றுவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக எடுத்தார். "என்னாத்தா? வயலுக்குள்ள நின்னேன், சத்தம் கேக்கல."

சிநேகா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கூத்தையா விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூறுகெட்ட கழுத, இதுக்கா அழுகுற? பஞ்சாயத்து எலெக்சன்ல நான் ரெண்டு பக்கத்துக்கும் கற்பூரம் அணைச்சேன். என்ன ஆகிப்போச்சு?"

சிநேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு தலையில அய்யா சத்தியம் பண்ணுனீக?"

சிரிப்பு நின்றுபோனது.

"ஒந் தலையிலதான்" என்றார் கூத்தையா. "நீ அங்கனயே இரு, தாயி. ரோட்டுக்கு வராத. நான் வந்து கூட்டியாறேன்."