காப்பு கட்டும் முன்பே

"பஞ்சாங்கம் பாக்கத் தெரியுதுல்ல பாப்பா. பொம்பளப் புள்ள அதுக்கு மேல படிச்சு என்னாத்தப் பண்ணப்போற?" என்று பெரியப்பா கேட்டபோது அவருடைய பஞ்சாங்கம் என் மடியில்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். பங்குனிப் பௌர்ணமியன்று மாரியம்மனுக்குத் தேர். எட்டு நாள் முன்னால் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் தேர் முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. கோயில் காரியங்களுக்குப் பெரியப்பாதான் தலைமை, ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது. வருடாவருடம் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துச் சொன்னவள் நான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

நான் பிளஸ் டூ எழுதிய வருடம் பௌர்ணமி மார்ச்சிலேயே வந்துவிட்டது. காப்பு கட்டிய மூன்றாம் நாள் வேதியியல் தேர்வு. செந்துறைக்குப் போய் மதியமே திரும்பிவிடலாம். பெரியப்பாவோ, வயசுப் பெண் ஊர் எல்லையே தாண்டக் கூடாது என்று விதியை நீட்டினார். மீறிப் போய் யாருக்காவது அம்மை போட்டால் பழி எங்கள் வீட்டின் மேல்தான் என்றார். அப்பா பயந்துவிட்டார்.

தேர்வன்று காலையில்தான் பெரியப்பாவின் மகன் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்துச் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "கம்பெனிக்குப் போறவங்கள மட்டும் ஆத்தா கண்டுக்காதா பெரியப்பா?"

"அவன் பொழப்புக்குப் போறான். நீ அடுத்த வருசம்கூட எழுதிக்கலாம்" என்றார், சிரித்துக்கொண்டே.

பத்து மணிக்கு அங்கே கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். நான் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன்.

மறுதேர்வில் தேறினேன். கல்லூரிக்கு ஒரு வருடம் பிந்தினேன். கோபம் சாமி மேல் இல்லை. தேர் வடம் பிடித்தவள்தான் நானும். சாமியின் பெயரால் ஆளுக்கொரு விதி செய்தாரே பெரியப்பா, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

இப்போது நான் அரியலூரில் ஆசிரியை. தங்கை இந்த வருடம் பிளஸ் டூ. இந்த வருடமும் தேர்வுக்கு நடுவில்தான் காப்பு. காப்புக்கு முன்பே ஊரை விட்டுப் போனவர்களை அந்த விதி கட்டாது. அப்பாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, காப்பு கட்ட இரண்டு நாள் இருக்கும்போதே, புத்தக மூட்டையோடு அவளை என் வாடகை அறைக்கு அழைத்து வந்துவிட்டேன்.