சித்தியின் சோற்றுப் பெட்டி

அந்த மழைக்காலத்தில் எங்கள் லயமே சித்தியைப் பைத்தியம் என்றது. நானும் சேர்ந்துகொண்டு சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. யார் சிரித்தாலும் கூடச் சிரிக்கிற வயது.

எழுபதுகளின் நடுவில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான், நாலு பேருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பரா, ஒற்றை அறை. அரிசியும் மண்ணெண்ணெயும் கண்ணில் காண்பதே அருமையாகிவிட்ட காலம். அவற்றைவிடப் பெரிய தலைவலி விறகு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வருடமென்றால் வெட்டிய குச்சிகள், மிலாறு, எரிக்கக் கிடைக்கும். அந்த வருடம் எங்கள் பக்கத்து மலைகளில் கவ்வாத்து இல்லை. உச்சிக் காட்டுக்கு ஏறிப்போன அம்மா, ஈர விறகுக் கட்டோடு சறுக்கி விழுந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டாள். நொண்டிக்கொண்டே கொழுந்தெடுக்கப் போனாள். விறகுச் சுமை அன்றிலிருந்து சித்தியின் தலைக்கு வந்தது.

"காடு வருசா வருசம் மேல மேல போய்க்கிட்டே இருக்குக்கா. நம்ம காலு அம்புட்டுத் தூரம் போவுமா?" என்று ஒருநாள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கேட்டாள் சித்தி.

மலைக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணிப் போத்தலைச் சித்தி ஒரு நாள் கிழிந்த கம்பளித் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறாள். பத்து மணிக்குக் குடித்தபோதும் வாயைச் சுட்டதாம். அப்படியென்றால் கொதிக்கிற சோற்றுப் பானையின் சூடு மட்டும் எங்கே ஓடிவிடும் என்று யோசித்தவள், நானறிந்து அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஃபெக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. மானாப்புல்லைக் காயவைத்து அடியிலும் பக்கங்களிலும் திணித்தாள். விடியற்காலையில் உலை கொதித்து, அரிசி நன்றாகத் துள்ளும்போது பானையை இறக்கி, அப்பாவின் கறுப்புக் கம்பளியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பலகையால் மூடிவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவது அவள் திட்டம். பகல் வரும்போது சோறு தானாக வெந்திருக்கும். விறகில் பாதிக்குமேல் மிச்சம் என்றாள்.

அப்பா கம்பளி இல்லாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் போகவேண்டும். அவருக்கு எப்படி இருக்கும்?

"இந்தா புள்ள, கெடைக்கிறது கொஞ்சூண்டு கூப்பன் அரிசி. நாளைக்குச் சோறு வேகலன்னா இந்தப் பெட்டிய ஒடைச்சு அடுப்புல வச்சிருவேன், ஆமா."

"வேகும் மாமா. ஒரே ஒருநாள் பாருங்க" என்றாள் சித்தி.

மறுநாள் மாஸ்டர் ஊருக்குப் போயிருந்ததால் பள்ளிக்கூடம் இல்லை. பெட்டியைத் தொடக்கூடாது என்று சித்தி என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள். தொடுகிற எண்ணம் எனக்கும் இல்லை. வாய்தான் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் நெருப்பில்லாமல் சோறு வேகிறது என்று லயத்துப் பிள்ளைகளிடம் அளந்துவிட்டேன். ஒருத்தியும் நம்பவில்லை. மானப் பிரச்சினையாகிவிட்டது. அழைத்துவந்து பெட்டியைத் திறந்து, கம்பளி முடிச்சை அவிழ்த்து, மூடியைத் தூக்கிக் காட்டினேன். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. "ஆத்தாடி!" என்றார்கள். அந்த "ஆத்தாடி"க்காகவே, பார்க்காதவர்களையும் கூப்பிட்டு இன்னும் இரண்டு தரம் திறந்தேன். ஒருத்தி நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டும் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மாதிரி சுற்றி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

பகலில் மூவரும் நனைந்து, பசியோடு வந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அப்பா தட்டோடு உட்கார்ந்துவிட்டார். சித்தி பலகையை நகர்த்தி, கம்பளியின் முடிச்சில் கை வைத்தாள். கை அப்படியே நின்றது. பிறகு என்னை ஒரு தரம் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கினாள். நடுவில் வெள்ளையாக அரிசி.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"நான்தாங்க்கா, ஒல நல்லாக் கொதிக்க முந்தியே எறக்கிட்டேன். அவசரத்துல" என்றாள் சித்தி.

வாசலில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா எழுந்து கம்பளியை உருவி எறிந்தார். இல்லை, எறியப் போனார். மழையில் விறைத்திருந்த அவர் கையில் கம்பளி இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. ஒரு கணம் நின்றவர், அதைத் தோளில் போர்த்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அரைச் சோற்றைச் சித்தி திரும்பவும் அடுப்பில் ஏற்றி, ஊதினாள். வெகுநேரம் கழித்து அப்பா சொன்னார்:

"நாளைக்கும் வச்சுப் பாரு. அதுக்கு மேல கேக்காத."

மறுநாளும் மாஸ்டர் வரவில்லை. சித்தி பானையை வைத்து மூடினாள். என்னைத் தூக்கிப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். "நீதான் இதுக்குக் காவல். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள். இத்தனை பேர் இருக்க என்னை நம்பி இப்பேர்ப்பட்ட உத்தியோகம்! கால் மரத்துப்போகப் பகல்வரை இருந்தேன். எட்டிப் பார்த்த பிள்ளைகளை அதட்டி விரட்டினேன்.

சோறு மல்லிகைப்பூவாக வெந்திருந்தது. அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். சிரித்த பெண்கள் அடுத்த வாரமே பெட்டி தேடி ஃபெக்டரி வாசலில் நின்றார்கள். மழை விடுவதற்குள் லயத்தில் பாதி வீடுகளில் அடுப்பு சீக்கிரமே அணைந்தது. சித்தி உச்சிக் காட்டுக்கு ஏறுவது வாரத்தில் ஒரு நாளானது.

"புள்ள தொறந்துட்டா மாமா" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டிமேல் பழி வந்திருக்காது, அவளைப் பார்த்து யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். விறகுக் குச்சி என் முதுகில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தான் அத்தனை ஆசையாகச் செய்த பெட்டியை அப்பாவின் கோபத்துக்கு முன்னால் விட்டுவிட்டு நின்றாள். அன்று அடுப்படியில் அவளுக்குச் சுள்ளி ஒடித்துக் கொடுத்தபடி நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: பாவம், சித்திக்கு உலை கொதிப்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை.