மதிலின் மேல் வைத்த தட்டு

நாகேஸ்வரி வெள்ளவத்தைக்கு வந்தபோது, ஜோர்ஜ் ராசாவின் முடிசூட்டுக்காக, காலிப் பட்டணத்துக்குப் போகும் காலி வீதியில் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் கழற்றியிருக்கவில்லை. மழையில் சாயம் கரைந்து அவை தொங்கிக்கொண்டிருந்தன. அவளுடைய கணவர் சவுந்தரநாயகத்துக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க் வேலை. கலியாணமாகி நாலு வருஷமாக அறை எடுத்து, கடைச் சாப்பாட்டில் காலம் கழித்த மனுசன், அந்த வருஷம்தான் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, உடுப்பிட்டியிலிருந்து அவளைக் கூட்டிவந்தார்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் ஆள் உயர மதில்கள், எந்நேரமும் சாத்திய கேற்றுகள். முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். காலை எட்டு மணி ரயிலில் ஆண்கள் போனதும் ஒழுங்கை வாயை மூடிக்கொள்ளும். யாருக்கும் யாரோடும் கோபம் இல்லை. கதைக்கத்தான் ஆள் இல்லை. காலையில் “கவனமாய்ப் போட்டு வாங்கோ” என்பாள். மாலையில் “தேத்தண்ணி போடட்டே?” என்பாள். இடையில் பத்து மணி நேரம். ஒருநாள் அரிசி களையும்போது தான் தனக்கே எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்து, நாகேஸ்வரி பயந்துபோனாள்.

அந்தப் பயத்தைத் தீர்த்தது ஒரு மீன்காரன். பின்வளவுக் கேற்றடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் சிங்களத்தில் என்னவோ சொன்னான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அப்போது பக்கத்து மதிலுக்கு மேலாக ஒரு பெண்குரல் அவனைச் சிங்களத்தில் பிடிபிடியென்று பிடித்தது. பிறகு தமிழில் திரும்பியது.

“அக்கா, அவன் நேத்தைய சூரயத் தாறான். நீங்க சிரிச்சிக்கிட்டுத் தலய ஆட்டுறீங்க!”

முக்காடு போட்ட ஒரு முகம். உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தது.

“எனக்குச் சிங்களம் தெரியாது,” என்றாள் நாகேஸ்வரி.

“தெரியாட்டி முகத்தக் கோவமா வெச்சிக்கங்க. பாதி வில குறைஞ்சிரும். எங்க, காட்டுங்க பாப்பம்... ஐயோ, அது பல்லு வலிக்கிற முகம்!”

அவள்தான் ஜவாஹிறா. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த மர்ஸூக்கின் மனைவி. தாய்வீடு கிராண்ட்பாஸில். நாகேஸ்வரிக்கு இரண்டு மாதம் முந்தித்தான் அவளும் இந்த ஒழுங்கைக்கு வந்திருந்தாள்.

“எங்கட ஊட்டுல தும்மினா மூணாவது ஊட்டுல துஆ கேப்பாங்க அக்கா. இங்க கூரை இடிஞ்சு விழுந்தாலும் யாரும் கேக்கமாட்டாங்க.”

அன்றிலிருந்து காலை பத்து மணி என்றால் மதிலடி. ஒருத்தி முன்வாசலை ஒருத்தி மிதித்ததில்லை. வெளி ஆண்கள் வந்துபோகிற வீடு என்று நாகேஸ்வரிக்குக் கூச்சம். திரை போட்ட ரிக்‌ஷா இல்லாமல் ஜவாஹிறா தெருவில் இறங்குவதில்லை. கல்லின் மேல் அவள், கவிழ்த்த வாளியின் மேல் இவள். நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று மதிலைத் தாண்டித் தாண்டிப் போய்வரும். அங்கிருந்து தொதல் வந்தால் இங்கிருந்து மோதகம் போகும். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது. ஒரு வருஷத்தில் அது யாருடைய தட்டு என்பதே மறந்துபோயிற்று.

ஜவாஹிறாவுக்கு ஏழாம் மாதம் நடந்தது. அவளுடைய தங்கை பைறோஸாவுக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது.

“உங்களுக்குத்தான் முதல்ல செல்லுவன் அக்கா. இந்த ஊட்டுலதான் கலியாணம். முன் கேற்றால வரோணும். மதிலால ஏறிக் குதிக்கக்கூடா!”

“நீ சொன்னால் வருவன். எங்கடை ஆக்கள் நல்ல காரியத்துக்கு அழைக்காமல் ஒரு வாசலும் மிதியாயினம். சாவீட்டுக்குத்தான் சொல்லாமல் போறது. பறைச் சத்தமும் அழுகுரலும் கேட்டால் போட்டது போட்டபடி ஓடுவம்.”

“நல்ல கதை கதைக்கக்குள்ள சாவீட்ட இழுக்காதீங்க!” என்று ஜவாஹிறா முக்காட்டு நுனியால் அவளுக்கு அடித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை. ஜவாஹிறாவுக்கென்று பயத்தம் உருண்டை பிடித்து, அதே தட்டில் அடுக்கி, நாகேஸ்வரி பத்து மணிக்கு மதிலடிக்குப் போனாள். கல்லின் மேல் யாரும் இல்லை. இருமிக் காட்டினாள். முன்பக்கத்தில் ஒரு மோட்டார் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்னால் இன்னொன்று.

முன் ஜன்னலால் பார்த்தாள். மர்ஸூக் வீட்டு கேற் அகலத் திறந்திருந்தது. சிவப்புத் துருக்கித் தொப்பியும் வெள்ளைத் தொப்பியுமாக ஆண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. ஒருவர் புதுவெள்ளைத் துணிக் கட்டு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பன்னீர்ப் போத்தல்கள் போயின. சாம்பிராணி மணத்தது. மர்ஸூக் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கட்டித் தழுவினார். பெண்களை ஏற்றிவந்த ரிக்‌ஷாக்கள் உள்ளே போயின. பறை இல்லை. ஒரு அழுகுரல் இல்லை.

கலியாணம். பைறோஸாவின் கலியாணம். முதல் ஆளாய்ச் சொல்லுவன் என்றவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாகேஸ்வரிக்கு முகம் எரிந்தது. நான் ஆர் அவைக்கு? மீன் வாங்கத் தெரியாத பட்டிக்காட்டுப் பெண். மதிலடிப் பொழுதுபோக்குக்கு நான் போதும், முன்வாசலுக்குப் போதாது. உருண்டைகளைப் பெட்டியில் கொட்டினாள். தட்டைக் கழுவித் துடைத்தாள். வாளியில் ஏறி, வெறுந்தட்டை மதிலின் மேல் வைத்தாள். அது என்ன சொல்லும் என்று ஜவாஹிறாவுக்கு விளங்கும்.

உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினாள். மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு மேல் இருக்கும், மதிலடிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அக்காவைப் பார்க்க வரும்போது மதிலுக்கு அப்பால் கேட்டுப் பழகிய பைறோஸாவின் குரல்.

“நாகேஸ் அக்கா... நாகேஸ் அக்கா...”

இப்பதான் ஞாபகம் வந்ததோ? பந்தி முடிந்த பிறகோ? அவள் பின்கதவடிக்குப் போய் நின்றாள். மூன்றாம் முறையும் குரல் வந்தது. நாகேஸ்வரி கையை உயர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

ஆறு மணி ரயிலில் வந்த சவுந்தரநாயகம், சாத்திய ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, “நீ போட்டு வந்திட்டியோ?” என்று கேட்டார்.

“அழைக்காத கலியாணத்துக்கு நான் ஏன் போக?”

“என்ன கலியாணம்? இண்டைக்கு அரைநாள் லீவு. பம்பலப்பிட்டியிலை ஒரு அலுவலாய்ப் போய்க்கொண்டிருந்தனான். காலி வீதியாலை பிரேதத்தைத் தோளிலை தூக்கிக்கொண்டு போச்சினம். நான் தொப்பியைக் கழட்டிக்கொண்டு ஒதுங்கி நிண்டனான். முன்னுக்குத் தோள் குடுத்துக்கொண்டு போனது மர்ஸூக். அவரின்ரை மனுசியாம். விடியப்புறம் பிள்ளைப்பேற்று நோ தொடங்கினதாம். பிள்ளையும் தப்பேல்லையாம்.” அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “உனக்குத் தெரியாதே?”

அவள் பின்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் கைக்கு வசப்படவில்லை. ஒரு வழியாகத் திறந்து வாளியில் ஏறிப் பார்த்தாள். மதிலின் மேல் தட்டு இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை நாகேஸ்வரி முதல் முறையாக அந்த முன் கேற்றால் போனாள். பெண்கள் இருந்த அறையில் பாய் விரித்திருந்தது. ஜவாஹிறாவின் உம்மா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார்.

“நீங்கதானா மதிலுக்கு அங்கால அக்கா? எந்நேரமும் உங்கட பேர்தான் அவட வாயில. நேத்து முகத்த மூட முந்தி உங்களுக்குக் காட்டோணும்ண்டு பைறோஸா கூப்பிட்டாவே. ஊட்டுல இல்லயா மகள்?”

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். எதிரே பைறோஸா நின்றாள். அழுது வீங்கிய கண்கள் இவளையே பார்த்தன. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

“அவங்க கோயிலுக்குப் போயிருப்பாங்க உம்மா,” என்றாள் பைறோஸா.

“ஓம்,” என்றாள் நாகேஸ்வரி.

“அதானே. ஆம்புளைங்க அவசரப்பட்டாங்க. நாந்தான் இன்னும் கொஞ்சம் பொறுங்க, அந்தப் புள்ள வந்துரும்ண்டு செல்லி வெச்சிருந்தன்.”

“அழுகுரல் ஒண்டும் கேக்கேல்லை அம்மா. அதாலை...”

“நாங்க கொளறி அழமாட்டம் மகள். அடக்கிக்குவம்.”

நாகேஸ்வரிக்குத் தெரிந்த அழுகை ஒன்றுதான். கட்டிப் பிடித்து, மாரில் அடித்து, இறந்தவளின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவது. அந்த அறையில் அதற்கு இடமில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். யாரோ சோறு கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார்கள். அயல்வீடுகளிலிருந்து வந்த சோறு. அது நீலக் கரை போட்ட தட்டில் இருந்தது.

நாற்பது நாள் கழித்து மர்ஸூக் வீட்டைக் காலி செய்துகொண்டு கிராண்ட்பாஸ் பக்கம் போய்விட்டார். பைறோஸாவின் கலியாணம் நடந்ததா, எப்போது நடந்தது என்று நாகேஸ்வரிக்குத் தெரியாது. புதிதாக வந்தவர்கள் மதிலின் மேல் கண்ணாடித் துண்டுகள் பதித்தார்கள். மீன்காரனோடு அவள் தானே சிங்களத்தில் பேரம் பேசப் பழகிவிட்டாள். முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. முயன்றால் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் எந்த வீட்டு வாசலில் இரண்டு கார் சேர்ந்து நின்றாலும் அவள் போய்விடுவாள். உடுத்த சேலையோடு, சில நாள் அடுப்படிக் கரியோடு. சவுந்தரநாயகம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். உலக யுத்தம் தொடங்கிய வருஷம் முன்வீட்டுப் பிறிஜெற் ரீச்சர் வீட்டில் நாற்காலிகள் இறங்கின. நாகேஸ்வரி கேற்றடியில் போய் நின்றாள்.

“என்ன ரீச்சர் நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லையே. சின்னவளுக்குப் பிறந்தநாள்.”

உள்ளே யாரோ, “கேக் வாசம் தண்டவாளம் வரைக்கும் அடிச்சிட்டுது போலை!” என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். ரீச்சருக்கு முகம் சிவந்தது. “உள்ளுக்கு வாங்கோ,” என்றார்.

“இல்லை ரீச்சர். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே?”

“ஒண்டுமில்லை.”

“சரி. வாறன்.”

சிரிப்பு அவளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து, பின்கதவை அகலத் திறந்து, குசினியில் விட்ட வேலையைத் தொடர்ந்தாள். பகலில் அந்தக் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போடுவதில்லை. கள்ளர் வருவார்கள் என்று சவுந்தரநாயகம் சண்டை பிடித்தும் போடுவதில்லை.